பாதிப் பல்

"கையை விட்டுடாதீங்கோ செல்வியக்கா. இன்னும் ரெண்டே நிமிஷம்."

விடவில்லை. ரோஹனின் இரண்டு மணிக்கட்டும் இசக்கிசெல்வியின் ஒரே கைக்குள் இருந்தன. மற்றொரு கை அவன் நெற்றியில். இடுப்பை அவன் முழங்கால்கள் மேல் சாய்த்திருந்தாள். ஐந்து வயதுப் பையன், பதினைந்து கிலோ இருப்பான். வாய் மூடாமல் இருக்கக் கடைவாயில் ஒரு ரப்பர் கட்டை. அதையும் மீறி அவன் குரல் வந்துகொண்டிருந்தது. வார்த்தையாக இல்லை.

"அவன் அம்மாவை உள்ளே கூப்பிடுங்கோ," என்றாள் டாக்டர் அதிதி, பல்லிலிருந்து கண்ணை எடுக்காமல். "தலைமாட்டுல நின்னு ரெண்டு வார்த்தை பேசட்டும்."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், பெஞ்சில், மாடத்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் ரோஹனின் செருப்பு. சம்மதப் படிவத்தில் 'தாய்' என்ற இடத்தில் இருந்தது அவள் கையெழுத்து. கூப்பிட்டால் வருவாள். "அழாதடா ராசா" என்பாள். ரெண்டு நிமிஷத்தில் பல் முடிந்துவிடும். யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை.

"டாக்டர், மெஷினை வாயிலேர்ந்து எடுங்க," என்றாள் செல்வி.

அதிதி எடுத்தாள். எடுத்த பிறகு செல்வி கையை விட்டாள்.

பத்தொன்பது வருடத்தில் வேலை முடியுமுன் அவள் கையை விட்டதில்லை. ரோஹனுக்கே அது நம்பமுடியாமல் இருந்திருக்க வேண்டும். கைகள் வயிற்றின்மேல் வைத்தபடியே கிடந்தன.

"அவ அம்மா இல்ல டாக்டர். எங்க லைன்ல பக்கத்து வீடு. அம்மா தோப்பும்படியில செம்மீன் ஷெட்டுக்குப் போயிருக்கா. அம்மான்னு ஒப்பு போடச் சொன்னது நான்தான்."

அதிதி முகக்கவசத்தைக் கீழே இழுத்தாள். ஒரு கணம் செல்வியைப் பார்த்தாள். பிறகு பையனின் வாயிலிருந்து கட்டையை எடுத்தாள்.

"மாடத்தியைக் கூப்பிடுங்கோ. இவன் அவ மடியில உட்காரட்டும். மருந்து வச்சு மூடி அனுப்பறேன்."

மாடத்தியின் மடியில் அவன் வாயைத் திறந்தான். விம்மிக்கொண்டேதான் திறந்தான், ஆனால் திறந்தான். அதிதி பல்லின் குழிக்குள் மருந்து வைத்து, மேலே தற்காலிகச் சிமெண்டைப் பூசினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இறங்கிய பையன் செருப்பில்லாமலே தெருவுக்கு ஓடினான். மாடத்தி செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

மட்டாஞ்சேரியில், கூவப்பாடம் சந்தில் அந்த லைனில் எட்டு வீடுகள், ஒரு குழாய். எல்லாரும் புளியங்குடி, சங்கரன்கோவில் பக்கத்து ஆட்கள். சிலர் வந்தே முப்பது வருடம் ஆகிறது. ஆண்கள் ஹோட்டலுக்கும் கட்டட வேலைக்கும் போனார்கள். பெண்கள் செம்மீன் எனும் இறாலை உரிக்க, மீன் தரம் பிரிக்க, வீட்டு வேலைக்கு. எவளுக்கு அன்றைக்கு வேலை இல்லையோ, அவள்தான் லைனிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் அம்மா. தடுப்பூசிக்குப் போனாலும், பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றாலும் அப்படித்தான். "இந்தக் குட்டிக்கு ஓரோ மாசம் ஓரோ அம்மையா?" என்று ஒருமுறை டீச்சர் கேட்டபோது, "எட்டு வீட்டுக்கு எட்டு பேரு டீச்சர். உங்களுக்கு எவ வேணும், சொல்லுங்க, கூட்டிட்டு வாரேன்" என்றாளாம் மாடத்தி.

ரோஹனுக்கு மூன்று நாளாகப் பல்வலி. அவன் அம்மா பொன்மணிக்கு ஷெட்டில் விடுப்பு கிடைக்கவில்லை. ஏற்றுமதிக் கன்டெய்னர் போகிற வாரம். "செல்வியக்கா கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று மாடத்தியிடம் சொல்லிவிட்டு ஆறு மணிக்குப் பஸ் ஏறிவிட்டாள். ஷெட்டுக்குள் செல்போன் கூடாது. கிளினிக்கில் சனிக்கிழமைக் கூட்டம். செல்வி இரண்டு படிவங்களை மாடத்தியிடம் நீட்டினாள். ஒன்று சிகிச்சைக்கு. மற்றது, பையன் துள்ளினால் பிடித்துக்கொள்வதற்கு.

"இதுல அம்மா பேரு போடணுமாமே?"

"நீ போடு."

"நானா?"

"இன்னிக்கு நீதானளா அம்மா? போடு ஒப்ப."

இருவருக்கும் அதில் பொய் சொல்கிற நினைப்பே இல்லை.

ஒரு மணிக்குக் கடைசி ஆள் போன பிறகு அதிதி ரோஹனின் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"எத்தனை நிமிஷம் பிடிச்சிருப்பேள்?"

"கணக்குப் பாக்கல டாக்டர்."

"ஊசி போட்டது பதினொண்ணு பத்து. நீங்க விட்டது பதினொண்ணு பதினாறு. ஆறு நிமிஷம்னு எழுதறேன். கை, நெத்தி. முழங்காலும் உண்டா?"

"உண்டு."

எழுதினாள். இசக்கிசெல்வி, உதவியாளர் என்று பெயரையும் எழுதினாள். 'சம்மதம் தந்தவர் தாய் அல்ல எனத் தெரிந்ததும் சிகிச்சை நிறுத்தப்பட்டது' என்று எழுதிக் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.

"இதையெல்லாம் எதுக்கு டாக்டர் எழுதிக்கிட்டு?"

"நடந்தது இல்லையா? அதனால." பேனாவை மூடினாள். "செல்வியக்கா, குழந்தைக்குப் பெத்தவாதான் சம்மதம் சொல்லணும். அம்மா, இல்லேன்னா அப்பா. மாடத்தி போட்டதும் ஒண்ணுதான், பெஞ்சுல அடுத்து உட்கார்ந்திருந்த ஆள் போட்டிருந்தாலும் ஒண்ணுதான். நாளைக்கு ஒருத்தர் கேள்வி கேட்டா, சம்மதம் இல்லாம ஒரு குழந்தையை நாம ரெண்டு பேரும் பிடிச்சு அமுக்கினோம்னுதான் இருக்கும்."

"பொன்மணி கேள்வியெல்லாம் கேக்க மாட்டா. நல்ல பிள்ளை."

"கேட்க மாட்டான்னா அது சரியாயிடுமா?" குரல் உயரவில்லை. "நானும் நீங்களே பார்த்துப்பேள்னு விட்டுட்டேன். யார் அம்மான்னு நான் கேட்டிருக்கணும். அதையும் எழுதியிருக்கேன். இப்போ விஷயம் அது இல்லே. பல் பாதியில நிக்கறது. சிமெண்ட் ரெண்டு வாரம் தாங்கும். அதுக்குள்ளே முடிக்கலேன்னா சீழ் வைக்கும், அடியில வளர்ற பல்லையும் கெடுக்கும். அவன் அம்மா இனிமே வேண்டாம்னு சொல்லிட்டா நான் தொட முடியாது. இன்னிக்கே அவகிட்ட எல்லாத்தையும் சொல்லணும். நான் வர்றேன்."

"வேண்டாம் டாக்டர். ஒப்பு வாங்குனது நான். நானே சொல்லுதேன்."

செல்வி இந்த வேலைக்கு வந்தது துடைப்பத்தோடு. கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்த புதிதில் பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கில் மூட்டை தூக்கினாள். பெண்கள் தூக்குவதில்லை என்றார்கள், அவள் தூக்கினாள். தூசியில் இருமல் வந்ததும் அதை விட்டுவிட்டு, டாக்டர் விஸ்வேஸ்வரனின் கிளினிக்கில் பெருக்கித் துடைக்கச் சேர்ந்தாள். அவர் அதிதியின் அப்பா. இப்போது வேலையை விட்டு வீட்டில் இருக்கிறார். அங்கே இரண்டாவது மாதம் ஒரு சிறுமி அவர் விரலைக் கடித்துவிட்டாள். "அங்கே யாரது, வந்து பிடி!" என்று கத்தினார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து பிடித்தாள். சிறுமி அசையவில்லை. அடுத்த வாரம் அவளுக்கு வெள்ளைக் கோட்டு வந்தது. பெருக்க வேறு ஆள் வந்தாள்.

குழந்தை வீறிட்டால் பெரியவர் தன் உள்ளங்கையால் அதன் வாயைப் பொத்துவார். "நிறுத்தினா எடுக்கறேன்" என்பார். நிறுத்திவிடும். அப்போது அது பாடப் புத்தகத்திலேயே இருந்த வழியாம். பிறகு எடுத்துவிட்டார்கள் என்று அதிதி சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன் அவள் கிளினிக்கை ஏற்ற முதல் நாளே வாய் பொத்துவது நின்றது. பிடிப்பதற்குத் தனிப் படிவம் வந்தது. பிடிப்பது நிற்கவில்லை.

லைனில் பிள்ளை சோறு தின்னாவிட்டால், "செல்வியக்காட்ட குடுத்திருவேன் பாத்துக்கோ" என்பார்கள். அவள் தெருவில் வந்தால் சின்னதுகள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். அவளுக்கு அதில் வருத்தமில்லை. போலீஸ்காரனின் பெண்டாட்டிக்குக் கிடைக்கிற மரியாதை மாதிரி ஒன்று அதில் இருந்தது.

அன்று மாலை ஐந்தரைக்குப் பொன்மணி வந்தாள். இருபத்தெட்டு வயது. லைனிலேயே பிறந்தவள், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மலையாளத்தில் பத்துவரை படித்தவள். குழாயடியில் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தவளிடம் செல்வி எல்லாவற்றையும் சொன்னாள். ஒப்பு வாங்கியது, பிடித்தது, ஆறு நிமிஷம், பாதியில் நிற்கிற பல், இரண்டு வாரக் கெடு. மாடத்தி தன் வாசலில் பயற்றங்காய் உடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவதானே கூட்டிட்டுப் போகச் சொன்னா," என்றாள் மாடத்தி. "இதுக்குப் போயி ஒரு பஞ்சாயத்தா?"

பொன்மணி குழாயை மூடினாள்.

"கூட்டிட்டுப் போகத்தான் சொன்னேன், அல்லே? பிடிக்கச் சொன்னேனா?"

பொன்மணி உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டாள். உட்கார்ந்தாள்.

"எப்படிப் பிடிச்சீங்க? காட்டுங்க."

"என்னத்தக் காட்ட?"

"அவனைப் பிடிச்ச மாதிரி என்னைப் பிடிங்க."

"ஏளா, இவளுக்கும் பல்லு பிடுங்கப் போறியா?" என்றாள் மாடத்தி. யாரும் சிரிக்காததால் பயற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

செல்வி பொன்மணியின் மணிக்கட்டுகளைச் சேர்த்துப் பிடித்தாள். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கிடந்த கை. விரல் நுனிகள் வெளுத்து ஊறியிருந்தன, செம்மீன் முள் கிழித்த கீறல்கள்.

"இவ்வளவுதானா?"

"இல்ல."

"அப்போ அவ்வளவும்."

செல்வி இறுக்கினாள். மற்ற உள்ளங்கையை நெற்றியில் வைத்தாள். இடுப்பை முழங்கால்மேல் சாய்த்தாள். பொன்மணி கையை இழுத்துப் பார்த்தாள். மறுபடி இழுத்தாள். தலையைத் திருப்பப் பார்த்தாள், திரும்பவில்லை. நாற்காலியின் பின்கால் சிமெண்டுத் தரையில் கிறீச்சிட்டது. பொன்மணியின் விலாவுக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"விடுங்க."

செல்வி உடனே விட்டாள்.

பொன்மணி மணிக்கட்டுகளை நைட்டியில் துடைத்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது.

"விடுங்கன்னதும் விட்டீங்க. அவன் சொல்லலையா?"

"வாயில கட்டை இருந்துச்சு," என்றாள் செல்வி.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. பத்தொன்பது வருடம். பிடித்த கைகள் எத்தனை என்று யோசிக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டாள்.

"கோவமா இருக்கியா?"

"இருக்கேன். மூணு நாளா அவன் வலியில கெடந்தப்போ நீங்கதான் மாத்திரை வாங்கித் தந்தீங்க. அதும் இருக்கு. இப்போ ஒண்ணும் கேக்காதீங்க." எழுந்து நாற்காலியைத் தூக்கினாள். "சாயா போடறேன், குடிச்சிட்டுப் போங்க."

"பல்லு?"

"அந்தப் பேப்பரை நான் வாசிக்கணும். செவ்வாய்க்கிழமை அர நாள் லீவு சொல்லிட்டு வாறேன். வாசிச்சிட்டுச் சொல்றேன்."

ஞாயிறும் திங்களும் செல்விக்கு நீளமாகப் போயின. ரோஹனின் கன்னம் வீங்குகிறதா என்று தூரத்திலிருந்து பார்ப்பாள். அவன் அவளைக் கண்டதும் உள்ளே போய்விடுவான். பொன்மணி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால், ஒழுங்காகத் தொடங்கியிருக்க வேண்டிய பல் தன்னால் சீழ் வைக்கும் என்ற நினைப்பு, சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் வந்தது. அவள் புருஷன் சங்கரலிங்கம் பள்ளுருத்தியில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர்.

"மாவு பிசையுறது நானு. நீ எதுக்கு ரெண்டு நாளா கையப் பிசையுத?" என்றான்.

"போரும், போய்ப் பஸ்ஸப் பிடிங்க."

செவ்வாய் மூன்று மணிக்குப் பொன்மணி ரோஹனோடு வந்தாள். அதிதி எழுந்து நின்று, "தப்பு எங்க மேலதான். மன்னிச்சுக்கோங்கோ," என்றாள். பொன்மணி தலையை மட்டும் ஆட்டினாள். இரண்டு படிவங்களையும் கேட்டு வாங்கினாள்.

அவள் படிப்பதைச் செல்வி பார்த்துக்கொண்டிருந்தாள். மலையாளத்தில் இருந்த படிவங்கள். செல்விக்கு மலையாளம் பேச வரும். படிக்க என்றால் பஸ் பலகை வரைக்கும்தான். 'பையன் துள்ளினா பிடிப்போம், சம்மதமா' என்று அதிதி முதல் நாள் சொல்லிக்கொடுத்ததைத்தான் இரண்டு வருடமாக எல்லாரிடமும் சொல்லி ஒப்பு வாங்கினாள். தாளை வாங்கிய எவரும் அதை வாசித்ததில்லை. படித்தவர்கள்கூட எங்கே போட வேண்டும் என்றுதான் கேட்டார்கள்.

பொன்மணி விரல் வைத்து வாசித்தாள். இரண்டாவது தாளில் ஒரு வரியில் நின்றாள். அதைத் தமிழில் சத்தமாகச் சொன்னாள்:

"'மற்ற வழிகளையெல்லாம் முயன்று பார்த்து, அவை பலிக்காதபோது மட்டும், குழந்தையின் கை, கால், தலையைப் பணியாளர் பிடித்துக்கொள்ள நான் சம்மதிக்கிறேன்.'" நிமிர்ந்தாள். "அது என்ன வழி டாக்டர், மத்த வழி?"

செல்வியும் அதிதியைப் பார்த்தாள். அந்த முதல் பாதியை அவள் கேட்டதே இல்லை.

"முதல் நாள் சும்மா நாற்காலியில உட்கார வைக்கறது," என்றாள் அதிதி. "கருவி ஒண்ணொண்ணா அவன் கையில குடுத்துக் காட்டறது. வலிச்சா இடது கையைத் தூக்கு, நான் நிறுத்தறேன்னு சொல்றது. சொன்னபடி நிறுத்தறது. ரெண்டு மூணு தடவை வரணும். அப்படியும் ஆகலேன்னா, மயக்க டாக்டர் இருக்கற பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றது."

"ரோஹனுக்கு இதெல்லாம் செஞ்சீங்களா?"

அதிதி கதவுப் பக்கம் பார்த்தாள்.

"இல்லே. வெளியில பதினாறு பேர் இருந்தா."

பொன்மணி மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்தாள். அந்த வரியை ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே கோடாக அடித்தாள். அந்தக் கிளினிக்கில் யாரும் ஒரு படிவத்தில் கோடு போட்டதில்லை. அது ஒப்பு போடுவதற்காக உள்ள தாள் என்றுதான் செல்வி நினைத்திருந்தாள்.

"பல்லுக்குச் சம்மதம். பிடிக்கிறதுக்கு இல்ல."

"பாதியில அழுதா?"

"நிறுத்துங்க."

"பல் அப்படியே நிக்குமே?"

"நான் இன்னொரு நாள் வாறேன்."

"லீவு?"

"அது என் பாடு."

அதிதி நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துக்கொண்டாள். "சரி. ஒண்ணே ஒண்ணு. கருவி வாய்க்குள்ள சுத்திண்டிருக்கறப்போ அவன் சட்டுனு கையை வீசினா நாக்கு கிழியும். அந்த ஒரு நொடி கையைத் தடுப்பேன். கருவியை வெளியில எடுத்ததும் விட்டுடுவேன். அதுக்கும் வேண்டாம்னா நான் தொடங்க மாட்டேன்."

பொன்மணி யோசித்தாள். ரோஹன் அவள் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டிருந்தான். பிறகு, அடித்த வரிக்கு மேலே, பள்ளிக்கூட எழுத்தில், டாக்டர் சொன்னதை அப்படியே மலையாளத்தில் எழுதினாள். 'கருவியை எடுத்ததும் விட வேண்டும்' என்பதன் கீழே கோடு போட்டாள். இரண்டு தாளிலும் கையெழுத்திட்டாள்.

"வாடா, நாற்காலியில இரு," என்றாள் மகனிடம்.

ரோஹன் நகரவில்லை. கையை நீட்டிச் செல்வியைக் காட்டினான்.

"அந்த அக்கா வெளிய போகட்டும். அப்போ இருக்கேன்."

மூன்று பெரியவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உதவிக்கு ஆள் இல்லாமல் பல் டாக்டர் வேலை செய்வது சமையலுக்கு ஒரு கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுபோலத்தான். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்க வேண்டும், பஞ்சு எடுத்துக் கொடுக்க வேண்டும், சிமெண்ட் கலக்க வேண்டும்.

"நான் ஒத்தையா பண்ணிப்பேன்," என்றாள் அதிதி.

செல்வி வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

அன்றைக்கு அவன் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைப் பிடித்துப் பார்த்து, காற்றுக் குழாயால் அம்மா கழுத்தில் ஊதிவிட்டுப் போனான். வெள்ளிக்கிழமை வாயைத் திறந்து பற்களை இருபதுவரை எண்ணவிட்டான். சத்தம் போடுகிற கருவியை நகத்தின்மேல் ஓடவிட்டுப் பார்த்தான். இரண்டு நாளும் அந்தப் பல்லைத் தொடவில்லை. இரண்டு நாளும் செல்வி வெளியே இருந்தாள். மூன்றாவது தடவை, அடுத்த திங்கட்கிழமை. சிமெண்ட் வைத்துப் பத்தாவது நாள். இந்தத் தடவை மாடத்தியும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

நாலரை மணிக்கு உள்ளே கருவியின் சத்தம் எழுந்தது. நின்றது. செல்வி கதவோரத்தில் நின்று கேட்டாள். மறுபடி எழுந்தது. நின்றது. அழுகை இல்லை. பெஞ்சு நிறைந்துவிட்டது. பள்ளுருத்தியிலிருந்து வந்த ஒருவர், கன்னத்தில் கைக்குட்டையை அழுத்தியபடி, கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒரு பல்லுக்கு ஒரு மணிக்கூர் வேணுமோ சேச்சீ?"

"குழந்தைப் பல்லு சேட்டா. நேரம் எடுக்கும்."

"எங்க காலத்துல நாலு பேர் பிடிச்சு வச்சு ரெண்டு மினிட்ல தீர்த்துடுவாங்க."

"உங்களை இப்போ நாலு பேர் பிடிச்சா சும்மா இருப்பீங்களா?"

"நான் என்ன குட்டியா?"

"அதான். உங்களுக்கு வேண்டாம்னு சொல்லத் தெரியும். தள்ளி இருங்க, அந்தம்மா உக்காரட்டும்."

அவர் தள்ளி உட்கார்ந்தார். உள்ளே சத்தம் ஏழாவது தடவை நின்றது. எட்டாவது. செல்விக்கு உள்ளே போய்க் குழாயைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது; பஞ்சு மாற்றுகிற நேரம் இது என்று சத்தத்தை வைத்தே தெரிந்தது. பெயர் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு பெஞ்சின் மறுகோடிக்குப் போய், கடைசியாக வந்தவர்களிடம் நாளைக் காலை வர முடியுமா என்று கேட்டாள். மூன்று பேர் சரி என்று போனார்கள். ஒருத்தி திட்டிவிட்டுப் போனாள்.

பதினோராவது தடவை நின்ற சத்தம் பிறகு எழவில்லை. கதவு திறந்தது. ரோஹன் வந்தான். வாயை அகலத் திறந்துகொண்டே வந்தான். கடைவாய்ப் பல்லின்மேல் சின்ன எஃகுக் கவசம் பளபளத்தது. செல்வியைத் தாண்டிப்போய் மாடத்தியிடம் காட்டினான்.

"அட, பாத்திரக் கடையே வச்சிருக்கானே!" என்றாள் மாடத்தி.

"முடிஞ்சுது அக்கா," என்றாள் பொன்மணி. அவள் ஜாக்கெட் முதுகு நனைந்திருந்தது. "அழல. ஒரு தடவை மட்டும் என் விரலக் கடிச்சான்."

"பிடிச்சாங்களா?"

"இல்ல. தேவைப்படல."

செல்விக்கு வயிறு நிறையச் சாப்பிட்டாற்போல இருந்தது. ரோஹன் வாய்க்குள் விரலை விட்டுக் கவசத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டே படியிறங்கினான். பல் முழுதாக இருந்தது. அவள் உள்ளே போய்த் தட்டில் கிடந்த கருவிகளை எடுத்து ஊறப் போட்டாள்.

"கடைசி அஞ்சு தடவை அவனுக்கு வலிக்கவே இல்லை," என்றாள் அதிதி, கையுறையைக் கழற்றியபடி. முகமெல்லாம் வியர்வை. "சும்மா கையைத் தூக்கினான். நிறுத்தறேனான்னு பார்த்தான்."

"நிறுத்துனீங்களா?"

"அஞ்சு தடவையும்."

"அதான் லேட்டு," என்றாள் செல்வி. இருவரும் சிரித்தார்கள். பிறகு செல்வி கதவைத் திறந்து பள்ளுருத்திக்காரரைக் கூப்பிட்டாள்.

மறுநாள் செவ்வாய். காலையிலிருந்து மழை. கிளினிக்கை ஒன்பதரைக்குத் திறந்தார்கள். முதல் நாள் திருப்பி அனுப்பிய மூன்று பேரில் இரண்டு பேர் வந்தார்கள். பத்தேகாலுக்கு ஒருவர் தன் அக்கா மகளைக் கூட்டிவந்தார். அம்மாவோ அப்பாவோ வரவேண்டும் என்று செல்வி சொன்னாள். வாயை மட்டும் பார்த்து, வலிக்கு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அவர் முணுமுணுத்துக்கொண்டு போனார். பதினொன்று முதல் பன்னிரண்டுவரை மின்சாரம் இல்லை. அந்த நேரத்தில் அதிதி படிவத்தைத் தமிழில் சொல்ல, செல்வி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். ஒன்றரைப் பக்கம் வந்தது. பொன்மணி ஆறு மணிப் பஸ்ஸில் ஷெட்டுக்குப் போயிருந்தாள். ரோஹன் பள்ளிக்கூடம் போனான். மாடத்திக்கு அன்றைக்கு வேலை இருந்தது. பிள்ளைகளை மூன்றாம் வீட்டுக்காரி பார்த்துக்கொண்டாள். மாலையில் மழை விட்டது. செல்வி ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து, மத்தி வாங்கிக் குழம்பு வைத்தாள்.